பழ ஈயின் றெக்கைக்கு வரைபடம் போடுவது யார்?

வாழைச்சீப்பொன்றைக் குசினி மேசையில் மூன்று நாள் மறந்து வைத்தால் போதும், ஹட்டன் குளிரிலும் எங்கிருந்தோ வந்துவிடுகின்றன இந்த ஈக்கள். எள்ளளவு உடம்பு, சிவந்த கண், உடம்பைத் தாண்டி நீளும் கண்ணாடிச் சிறகு. துரத்தினால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப அதே பழத்தில் வந்து உட்காரும். உயர்தர உயிரியல் படித்த எவருக்கும் தெரிந்த முகம்தான்: துரொசொபிலா மெலனோகாஸ்டர், பாடநூல் மொழியில் பழ ஈ.

பாடநூலில் இது தலைகாட்டுவது பிறப்புரிமையியல் அலகில். சாம்பல் உடலும் நீண்ட சிறகும் ஒரு பக்கம், கறுப்பு உடலும் குட்டைச் சிறகும் மறுபக்கம். குட்டைச் சிறகுக்குக் காரணமான ஜீனின் பெயர் வெஸ்டீஜியல். அமெரிக்க விஞ்ஞானி மோர்கனின் சோதனைக் கலப்பில் கிடைத்த 2300 ஈக்களில் 391 மட்டுமே பெற்றோரைப் போலில்லாத கலவைகள். ஆகவே மீள்சேர்க்கை 17 சதவீதம், ஆகவே இரண்டு ஜீன்களும் ஒரே நிறமூர்த்தத்தில். கணக்கு சரியாக வந்தால் புள்ளி கிடைக்கும், அடுத்த அலகுக்குப் போய்விடலாம். பல வருடமாக நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

போன தவணையில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவி ஒருத்தி கையை உயர்த்தினாள். "சேர், இந்த வெஸ்டீஜியல் ஜீன் றெக்கைய சுருக்குதா, வளக்குதா?"

"சுருக்குது" என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த கையோடு அது பிழை என்று உறைத்தது. பாடநூல்கள் ஜீன் என்பதற்குப் பரம்பரையலகு என்ற நல்ல சொல்லை வைத்திருக்கின்றன. வகுப்பில் நாங்கள் எல்லோரும் ஜீன் என்றே சொல்வதால் இங்கும் அப்படியே விடுகிறேன். அவளுக்கு அன்றைக்குச் சரியாகச் சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வெஸ்டீஜியல் என்ற பெயருக்கு எச்சமாக மிஞ்சியது என்று பொருள். ஆனால் அந்த ஜீன் சிறகைச் சுருக்கவில்லை. அது ஒழுங்காக வேலை செய்தால்தான் சிறகே வளரும். பழுதானால் இரண்டு குட்டைத் துண்டுகள்தான் மிஞ்சும். பழ ஈயின் ஜீன்களுக்குப் பெயர் வைத்தவர்கள் அவை செய்யும் வேலையைப் பார்த்து வைக்கவில்லை. ஜீனில் விகாரம், அதாவது மாற்றம், வந்தபோது ஈ எப்படித் தெரிந்ததோ, அதையே பெயராக்கினார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் ஒரு பெல்ட் அறுந்தால் அன்றைக்குக் கொழுந்து அரைபடாது. அதற்காக அந்த பெல்ட்டுக்கு 'அரைக்காதது' என்றா பெயர் வைப்போம்? ஈ ஆராய்ச்சிக்காரர்கள் வைத்தார்கள். வேறு வழியும் அவர்களுக்கு இருக்கவில்லை. 1910இல் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மோர்கன் வெள்ளைக்கண் விகார ஈ ஒன்றைப் பிடித்த நாட்களில், ஜீன் எதனால் ஆனது என்பதே யாருக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரிந்தது கோளாறு மட்டும்தான்.

அப்படிப் பெயர் பெற்ற ஒன்று நம் பிராந்தியத்திலிருந்தே வந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. 1973இல் ஆர்.பி. சர்மா சிறகில்லாத ஒரு விகார ஈயைப் பற்றி அறிவித்தார். பெயர் விங்லெஸ், அதாவது சிறகிலி. பின்னர் புதுடில்லியின் இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் அவரும் வி.எல். சோப்ராவும் அதை விரிவாக ஆராய்ந்து 1976இல் எழுதினார்கள். பிற்பாடு எலியின் மார்புப் புற்றுநோயில் கண்டறியப்பட்ட இன்ட்-1 என்ற ஜீனும் இதுவும் ஒரே குடும்பம் என்று 1987இல் தெரிந்தது. இரண்டு பெயரையும் ஒட்டி, இன்றைக்கு மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்யும் 'விண்ட்' என்ற சொல் பிறந்தது. மனிதரின் பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பாலும் கெட்டுப்போயிருப்பது, கலங்களுக்குச் செய்தி கடத்தும் இந்த விண்ட் பாதைதான். ஓர் ஈக்கு ஏன் றெக்கை முளைக்கவில்லை என்று டில்லியில் கேட்ட கேள்வி எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

சரி, சிறகு எப்படி உருவாகிறது?

ஈயின் முளையத்தில் சிறகுக்கென ஒதுக்கப்படும் கலங்கள் வெறும் 30, 40தான். முட்டையிலிருந்து வரும் குடம்பி பழத்தைத் தின்று கொழுக்கிற நாலைந்து நாளுக்குள் அந்தச் சிறு கூட்டம் சுமார் 50,000 கலங்களாகப் பெருகி, குடம்பியின் உடலுக்குள் மடித்து வைத்த பை போலக் கிடக்கும். தட்டையாக இருப்பதால் இதைச் சிறகுத் தட்டு என்கிறார்கள். கூட்டுப்புழுப் பருவத்தில் இது வெளியே பிதுங்கி, நீண்டு, இரண்டு படையாக ஒட்டிச் சிறகாகிறது. நரம்புகள் (இலை நரம்பு போன்ற கோடுகள்) எங்கே ஓடவேண்டும், ஓரமுடிகள் எங்கே நிற்கவேண்டும் என்பதெல்லாம் பெரும்பாலும் குடம்பிக்குள்ளேயே முடிவாகிவிடுகின்றன. பிறகு நடப்பது அந்த முடிவுகளின் நிறைவேற்றம்.

அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவருக்கு விளக்குவது எனக்கு லேசு. தோட்டத்தை மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். ஒரு ஆள் எந்தக் கணக்கில் பேர் பதிந்தாரோ அந்தச் செக்ரோலில், அதாவது பெயர்ப்பதிவேட்டில்தான் இருப்பார். சிறகுத் தட்டிலும் இதே கதைதான். 1973இல் மட்ரிட்டில் கார்சியா-பெல்லிடோவும் ரிப்போலும் மொராட்டாவும் காட்டியது இது: சிறகின் முற்பகுதிக்குப் பதிவான கலமும் அதன் வழித்தோன்றல்களும் பிற்பகுதிக்குள் ஒருபோதும் கால் வைப்பதில்லை, பிற்பகுதிக் கலங்கள் இந்தப் பக்கம் வருவதும் இல்லை. நடுவிலே ஒரு நேர்கோடு. வளர்ந்த சிறகில் அந்தக் கோடு மூன்றாம், நான்காம் நரம்புகளுக்கு இடையில் ஓடுகிறது. ஆனால் அங்கே உற்றுப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது! வேலியில்லாத எல்லை.

பதிவு செய்யும் ஜீனுக்குப் பெயர் என்கிரேல்ட். அது விழித்திருக்கும் கலம் பிற்பகுதி, உறங்கும் கலம் முற்பகுதி. குடம்பி கொஞ்சம் வளர்ந்த பிறகு எப்டெரஸ் என்ற இன்னொரு ஜீன் வந்து மேற்பக்கம், கீழ்ப்பக்கம் என்று மறுபடியும் பிரிக்கிறது. இந்தப் பெயருக்கும் சிறகற்றது என்றே பொருள், வழக்கம் போலக் கோளாறின் பெயர். மனிதரின் எல்எச்எக்ஸ்-2 என்ற ஜீனை எப்டெரஸ் பழுதான ஈயில் வைத்தால் சிறகு திரும்ப முளைக்கிறது என்று 1999இல் காட்டினார்கள். நமக்குச் சிறகும் இல்லை, ஈக்கு நமது கையும் இல்லை; உதிரிப்பாகம் மட்டும் பொருந்துகிறது.

பிரித்தாயிற்று. ஆனால் நான்கு கட்டங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு கட்டத்துக்குள் ஆயிரக்கணக்கான கலங்கள் இருக்கின்றன. நரம்பு எங்கே, இடைவெளி எங்கே என்று ஒவ்வொன்றுக்கும் யார் சொல்வது? வேலை எல்லைக்கோட்டில்தான் ஆரம்பிக்கிறது. பிற்பகுதிக் கலங்கள் ஹெட்ஜ்ஹொக் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அதைக் கேட்டு நடக்கக்கூடியவை முற்பகுதிக் கலங்கள் மட்டும்தான். அதுவும் வெகுதூரம் போகாது, கோட்டையொட்டியுள்ள சில வரிசைகளை மட்டுமே எட்டும். அந்த ஒடுங்கிய வரிசை விழித்துக்கொண்டு டிபிபி என்ற வேறொரு புரதத்தைச் சுரக்கும். அது இரண்டு பக்கமும் பரவும்.

அந்தக் காலத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூட்டுவதற்கு, தப்பு அடிப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெரட்டுக்களத்தை ஒட்டிய லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) படுத்திருப்பவருக்குக் காது கிழியும், நடு லயத்தில் சாதாரணமாகக் கேட்கும், கோடி லயத்தில் மெல்லிய 'டொம்' மட்டும். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் சத்தத்தின் அளவை வைத்தே தான் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று ஒருவர் சொல்லிவிடலாம். டிபிபி அந்தத் தப்புச் சத்தம் மாதிரி. எல்லைக்குப் பக்கத்தில் அடர்த்தி அதிகம், தள்ளிப்போகப் போகக் குறைவு. அடர்த்தி அதிகமான இடத்தில் ஸ்பால்ட் என்ற ஜீன் விழிக்கிறது, குறைந்த அடர்த்தியிலும் விழிக்கக்கூடிய வேறொரு ஜீன் அதைவிட அகலமாகப் பரவுகிறது. இந்தப் பட்டைகள் முடிகிற ஓரங்களை வைத்துத்தான் இரண்டாம் நரம்பும் ஐந்தாம் நரம்பும் தங்கள் இடத்தைக் கண்டுகொள்கின்றன. எந்தக் கலத்திடமும் முழு வரைபடம் இல்லை. ஒவ்வொன்றும் தன் காதில் விழுந்த சத்தத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கிறது.

மேல், கீழ் எல்லையிலும் இதே உத்திதான்: அங்கே நொட்ச் என்ற ஜீன் விங்லெஸ்ஸை எழுப்புகிறது, அந்தக் கோடுதான் பின்னால் சிறகின் விளிம்பாகிறது. நொட்ச்சின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே விளிம்பில் கடித்த மாதிரி வெட்டு விழும், பெயர் வந்ததும் அதனால்தான். மனிதரில் இதே குடும்ப ஜீன் கட்டுமீறினால் ஒருவகை இரத்தப் புற்றுநோய் வருகிறது.

இப்போது வெஸ்டீஜியலுக்கு வரலாம். நொட்ச், விங்லெஸ், டிபிபி என்று எல்லாச் சத்தங்களும் கடைசியில் போய்ச் சேரும் இடங்களில் அது ஒன்று. "நீ சிறகு" என்று கலத்திடம் சொல்கிற ஜீன் அது. ஸ்கலொப்ட் என்ற துணைப் புரதத்தோடு சேர்ந்து சிறகுக்கான மற்ற ஜீன்களை எழுப்பிவிடுகிறது. 1996இல் ஷோன் கரோலின் ஆய்வுக்குழு இந்த வெஸ்டீஜியலைக் கண், கால் ஆகியவற்றுக்கான தட்டுகளில் விழிக்கவைத்துப் பார்த்தது. அங்கேயும் சிறகுத் திசு முளைத்தது. கண்ணில் றெக்கை! அந்த மாணவி கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

ஒரு சின்ன விலகல். ஈக்குச் சிறகு இரண்டுதான், வண்ணத்துப்பூச்சிக்கு நான்கு. ஈயின் பின் சோடி, பறக்கும்போது சமநிலை காக்கும் சின்னக் குமிழாகச் சுருங்கிவிட்டது. சுருக்கி வைத்திருப்பது அல்ட்ராபைதொரக்ஸ் என்ற ஜீன். அதன் வேலையை அந்த இடத்தில் நிறுத்திவிட்டால் குமிழ் முழுச் சிறகாகி ஈ நான்கு றெக்கையோடு வரும். எட்வர்ட் லூயிஸ் அப்படியொரு ஈயை உருவாக்கினார், 1995 நோபல் பரிசில் ஒரு பங்கு அவருக்கு. அந்த நாலு றெக்கை ஈயால் பறக்க முடியாது என்பது தனி வேடிக்கை.

இதுவரை சொன்னது வரைபடம். நிறம் பூசுவது வேறு கதை, எனக்கு அதுதான் அதிகம் பிடித்தது.

நம் குசினி ஈயின் சிறகில் ஒரு பொட்டும் கிடையாது, வெறும் கண்ணாடி. ஆனால் அதன் உறவினர் பலவற்றுக்கு உண்டு. இந்தியப் பக்கம் இருக்கும் துரொசொபிலா பயார்மிப்ஸின் ஆண் ஈக்குச் சிறகு நுனியில் ஒரு கறுப்புப் புள்ளி. பெண்ணின் முன்னால் போய்ச் சிறகை விரித்துக் காட்டி ஆடும். ஸ்ட்ரோபரி போன்ற பழங்களைப் பழுக்கும்போதே துளைத்து முட்டையிடும் துரொசொபிலா சுசூகிக்கும் இதே போன்ற புள்ளி உண்டு, அதுவும் ஆணுக்கு மட்டும். 2008இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அது தலைகாட்டியபோது விவசாயிகள் ஈயை அடையாளம் கண்டது அந்தப் புள்ளியை வைத்துத்தான். வட அமெரிக்காவின் துரொசொபிலா குட்டிஃபெராவுக்கோ சிறகு முழுக்கப் பொட்டுப்பொட்டாக 16 புள்ளிகள்.

கறுப்பு நிறம் மெலனின். அதற்கு யெலோ என்ற ஜீன் வேண்டும். யெலோ என்றால் மஞ்சள், அது இல்லாத ஈ மஞ்சளாக இருப்பதால். எபனி என்றால் கருங்காலி. அது இல்லாத ஈ கரிய நிறம், ஏனென்றால் எபனி தரும் நொதியம் கறுப்பாகவேண்டிய மூலப்பொருளை வெளிர்நிறப் பக்கம் திருப்பிவிடும் வேலையைச் செய்கிறது. மஞ்சள் கறுப்பாக்குகிறது, கருங்காலி வெளுப்பாக்குகிறது. பெயர்களை நம்பிப் படிக்கிற பிள்ளை பாவம்.

பயார்மிப்ஸின் புள்ளி இருக்கவேண்டிய இடத்தில், ஈ கூட்டுப்புழுவாக இருக்கும்போதே, யெலோ அதிகமாகவும் எபனி குறைவாகவும் இருக்கும். அப்படியானால் நம் குசினி ஈயிடம் யெலோ இல்லையா? இருக்கிறது. சிறகிலும் மெல்லியதாக, சீராக, எல்லா இடத்திலும் விழித்திருக்கிறது. இரண்டு ஈக்களிலும் யெலோ புரதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் ஜீனுக்குப் பக்கத்தில் கிடக்கும் டிஎன்ஏத் துண்டில். எங்கே, எப்போது, எவ்வளவு என்று தீர்மானிக்கும் சுவிட்ச் அது. 2005இல் கொம்பெல், ப்ருதொம், கரோல் முதலானோர் பயார்மிப்ஸின் அந்தச் சுவிட்சைக் கழற்றி, ஒளிரும் புரதமொன்றோடு இணைத்து, மெலனோகாஸ்டரில் செருகினார்கள். புள்ளியே இல்லாத ஈயின் சிறகில், நுனிப் பக்கமாக, முற்பகுதியில் மட்டும் வெளிச்சம் விழுந்தது.

முற்பகுதியில் மட்டும் ஏன்? அந்தச் சுவிட்சில் என்கிரேல்ட் வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்கள் இருந்தன. முன், பின் என்று கணக்குப் பிரித்த அதே என்கிரேல்ட்தான். பிற்பகுதியில் அது உட்கார்ந்து சுவிட்சை அணைத்துவிடுகிறது. பிறகு 2013இல் சிறகு நுனியில் சுவிட்சைப் போடுவது டிஸ்டல்-லெஸ் என்றும் தெரிந்தது. கால் நுனி, சிறகு நுனி என்று உறுப்புகளின் ஓரங்களில் ஏற்கனவே நிற்கிற பழைய ஜீன். இரண்டுமே புள்ளி போடுவதற்காக வந்தவை அல்ல. வரைபடம் போட வந்தவை, அங்கேயே நின்றுகொண்டிருந்தவை. யெலோவின் பக்கத்திலுள்ள டிஎன்ஏவில் சில எழுத்துகள் மாறி, அவற்றை வாசிக்கத் தொடங்கியதுதான் புதிது. புதுப் பொருள் எதுவும் வாங்காமல், இருக்கிற வயரிலிருந்து இன்னொரு பல்புக்கு இணைப்பு எடுப்பது மாதிரி. (லயத்தில் அதைச் செய்தால் மின்சார சபைக்காரர் வந்து நிற்பார்.)

இதனால்தான் 'புள்ளிக்கான ஜீன் எது' என்று கேட்பவருக்கு ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. மெலனோகாஸ்டரிடமும் யெலோ உண்டு, என்கிரேல்ட் உண்டு, டிஸ்டல்-லெஸ் உண்டு. இல்லாதது அவற்றுக்கு இடையிலான ஓர் இணைப்பு. அந்த இணைப்பு கூர்ப்பில் பலமுறை தோன்றியிருக்கிறது, பலமுறை அறுந்தும் இருக்கிறது. அறுந்தால் புள்ளி மட்டும்தான் போகும், ஈக்கு வேறு பாதிப்பில்லை. யெலோவே பழுதானால் உடம்பெல்லாம் மஞ்சளாகிவிடும், என்கிரேல்ட் பழுதானால் ஈயே பிழைக்காது. பழைய ஜீன்களில் கை வைக்காமல் சுவிட்சை மட்டும் மாற்றுவது கூர்ப்புக்கு மலிவான வழி.

குட்டிஃபெராவின் 16 புள்ளிகளுக்குப் பின்னால் இருப்பவரும் பழைய ஆள்தான். 2010இல் வேர்னர், கொஷிகாவா முதலானோர் கண்டது: குறுக்கு நரம்புகளிலும், நீள் நரம்புகளின் நுனியிலும், சிறகிலுள்ள சின்ன உணர்வுக் குமிழ்களைச் சுற்றியும் விங்லெஸ் சுரக்கிறது. அது விழும் இடமெல்லாம் யெலோ விழித்துப் பொட்டாகிறது. வேறு இடத்தில் விங்லெஸ்ஸைச் சுரக்க வைத்தால் அங்கேயும் கறுக்கிறது. சிறகிலி என்று பெயரெடுத்த ஜீன் சிறகுக்குப் பொட்டு வைக்கிறது.

இனி நம் ஊர்ச் சிக்கல் ஒன்று. 'பழ ஈ' என்று விவசாய அதிகாரி சொல்வதும் உயிரியல் சேர் சொல்வதும் ஒன்றல்ல. மாம்பழத்தையும் கொய்யாவையும் குத்தி உள்ளே புழு வைப்பது பக்ட்ரோசெரா, வேறு குடும்பம், உருவத்தில் இலையானுக்குக் கிட்ட வரும். குசினி ஈ பெரும்பாலும் ஏற்கனவே கனிந்து அழுகுவதைத்தான் தேடும். பக்ட்ரோசெராவின் சிறகில் முன்விளிம்போடு ஒரு கரும்பட்டை ஓடும், பின்பக்கம் இன்னொரு கீற்று. இனங்களைப் பிரித்தறிய நிபுணர்கள் பார்க்கும் அடையாளங்களில் அந்தப் பட்டையின் அகலமும் ஒன்று. 1994இல் ட்ரூவும் ஹன்கொக்கும் இலங்கையிலிருந்து விவரித்த இனத்துக்குப் பெயரே பக்ட்ரோசெரா கண்டியென்சிஸ், கண்டியின் பெயரால்.

அடையாளங்களை நம்பி ஏமாந்த கதையும் உண்டு. 2003இல் கென்யாவில் மாம்பழத்தைத் தாக்கும் புது ஈ அகப்பட்டது. இலங்கையிலும் அதே போன்றவை இருந்ததால் இங்கிருந்து போயிருக்கும் என்று கருதினார்கள். 2005இல் அதற்கு பக்ட்ரோசெரா இன்வேடன்ஸ், படையெடுப்பது, என்று பெயரும் வைத்தாயிற்று. பத்து வருடம் கழித்து, உடலமைப்பு, டிஎன்ஏ, இனச்சேர்க்கை எல்லாவற்றையும் ஒப்பிட்டபோது அது தனி இனமே அல்ல, ஆசியாவெங்கும் உள்ள பக்ட்ரோசெரா டோர்சாலிஸ்தான் என்று தெரிந்தது. நிறமும் கீற்றும் சின்னச் சுவிட்ச் மாற்றத்தில் கூடிக்குறையக்கூடியவை என்று துரொசொபிலாவில் பார்த்தவருக்கு இது பெரிய ஆச்சரியமாக இருக்காது.

வெப்பநிலையையும் சேர்த்துக்கொள்ளவேண்டும், அதுவும் மலைநாட்டில் இருந்து எழுதுகிறபோது. 25 பாகை செல்சியஸில் முட்டையிலிருந்து ஈயாக பத்து நாள் போதும், 18 பாகையில் கிட்டத்தட்ட இரட்டிப்பு. நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில், சராசரி வெப்பநிலை 16 பாகையை ஒட்டியது. அங்கே போத்தலில் ஈ வளர்க்கும் பாடசாலை, கொழும்புப் பாடசாலையின் கால அட்டவணையைப் பார்த்து ஏங்கவேண்டாம். குளிரில் வளர்ந்த மெலனோகாஸ்டர் பருத்தும், உடம்புக்குச் சிறகு சற்றே பெரிதாகவும், பெண்ணின் வயிற்று நுனி கறுத்தும் இருக்கும். ஜீன் அதேதான், சுவிட்ச் குளிரையும் கேட்கிறது. இன்னொரு விசேஷம்: வெஸ்டீஜியல் விகார ஈயை 31 பாகையில் வளர்த்தால் அந்தக் குட்டைச் சிறகு நீளத் தொடங்கும். பழுதான ஜீன்கூடச் சூட்டில் கொஞ்சம் வேலை செய்துவிடுகிறது.

இதையெல்லாம் அடுத்த கிழமை வகுப்பில் சொன்னேன், இரண்டு பாடவேளை போனது. அவள் கொப்பியை மூடாமல் கேட்டாள்: "அப்ப சேர், பேப்பர்ல என்னா எழுதுறது?"

"குட்டைச் சிறகு பின்னிடைவானது, 17 சதவீதம்னு எழுதுங்க மகள்" என்றேன்.